கைப்பிடி இல்லாத கார்

போன மாதம் எங்கள் பழைய கராஜுக்கு ஒரு கோப்பி குடிக்கப் போயிருந்தேன். ஓய்வுபெற்றவன் பழைய வேலைத்தலத்துக்குப் போவது கலியாணம் முடிந்த மறுநாள் பந்தலுக்குப் போவது மாதிரி. போ என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் எல்லோருக்கும் கழற்றுகிற வேலை இருக்கும். அங்கே ஒருவர் காரின் இலக்கத்தைத் தொலைபேசியில் தட்டினார். அது பிறந்த இடம், இருந்த வீடுகள், பட்ட காயங்கள் எல்லாம் திரையில் வந்து நின்றன. “அந்தக் காலத்தில நீங்கள் இதையெல்லாம் ஆரிட்டக் கேட்டியள்?” என்றார். “காரிட்டத்தான்” என்றேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். நான் பகிடி விடவில்லை. எங்கள் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும் சேர்த்து அதை இங்கே எழுதுகிறேன்.

நான் படித்து வந்த மெக்கானிக் அல்ல. யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கப் போனேன். எடுத்துக் கொடுத்த கை பூட்டவும் பழகிக்கொண்டது. புதுச் சாமான் வராத நாட்டில் ஒரு காரின் உடம்பில் பல கார்களின் உறுப்புகள் இருக்கும். ஏ ஃபோட்டி என்கிற பழைய இங்கிலாந்துக் காரை ஸ்ராட் பண்ணினால் லொறியின் சத்தம் வரும். அதுதான் என் பள்ளிக்கூடம். எண்பதுகளின் நடுவில் அகதியாக டென்மார்க்குக்கு வந்தேன். முகாம், மொழி வகுப்பு, குளிர் எல்லாவற்றையும் இந்த ஒரு வரியில் தாண்டிவிடுகிறேன். அவற்றை எழுத நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். இக்காஸ்டுக்கும் சில்க்போர்க்குக்கும் இடையில் ஒரு சிற்றூர் கராஜில் வேலை கிடைத்தது.

இங்கே தொழிலாளர் முதலாளியை ‘மெஸ்டர்’ என்று கூப்பிடுவார்கள். எங்கள் மெஸ்டரின் பெயர் ஐனர். என்னை யோகராசா என்று கூப்பிட அவருக்கு நேரமில்லை, ‘யோ’ என்பார். ஒரு பழைய கார் வந்தால் அவர் முதலில் இரண்டு கைகளையும் பொக்கெற்றுக்குள் போட்டுக்கொண்டு அதை ஒரு சுற்றுச் சுற்றுவார். தொடவே மாட்டார். “கை முந்தினா கண் பிந்தும்” என்பது அவருடைய சொல். அடுத்தது மூக்கு. கதவைத் திறந்து, கால் வைக்கிற கம்பளத்தை மணந்து பார்ப்பார். பிறகுதான் நிலத்தில் படுத்து அடியைப் பார்ப்பார். அதுவரைக்கும் சொந்தக்காரர் கோப்பியும் கையுமாக நிற்க வேண்டியதுதான். “சொந்தக்காரனை முதல்ல கேட்டியெண்டா, பிறகு அவன்ர காதாலதான் நீ காரைக் கேப்பாய்.” அவர் டெனிஷில் சொன்னதை நான் என் காதில் விழுந்த தமிழில் எழுதுகிறேன்.

ஒருமுறை ஒருவர், தேவாலயத்துக்கு மட்டும் ஓடிய கார் என்று ஒன்றைக் கொண்டுவந்தார். ஓட்டம் காட்டும் மீற்றரும் அப்படித்தான் சொன்னது. ஐனர் பிரேக் மிதியின் ரப்பரைக் காட்டி, என்ன தெரிகிறது என்று கேட்டார். “புது ரப்பர், நல்லது” என்றேன். “தேவாலயத்துக்குப் போய் வந்த காலுக்கு ஏன் புது ரப்பர்?” என்றார். தேய்ந்த ரப்பரில் அவருக்குச் சந்தேகம் வரும். தேயாத ரப்பரில் இரட்டைச் சந்தேகம் வரும். “சதுப்புக்குள்ள ஆந்தை இருக்கு, யோ.” ஏதோ சூது இருக்கிறது என்பதை டெனிஷ்காரர் இப்படிச் சொல்வார்கள். அந்தச் சொல் எனக்கு நல்லாய்ப் பிடித்துக்கொண்டது.

வேலை முடிந்ததும் ஸ்பானர் தட்டை அவர் விரல் வைத்து எண்ணுவார். நான் வந்த புதிதில், கறுத்த ஆள் வந்ததால் எண்ணுகிறார் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன். ஒருநாள் கேட்டே விட்டேன். “நீ வரமுதலும் எண்ணினனான். அப்ப இஞ்ச நான் மட்டும்தான் இருந்தனான்” என்றார்.

இனி அந்தக் காலத்தைச் சொல்ல வேண்டும். பின்னாளில் நாடே ‘தமிழர் வழக்கு’ என்று பெயர் வைத்த வருடங்கள் அவை. மனைவியையும் பிள்ளைகளையும் கூப்பிட எங்கள் ஆட்கள் போட்ட விண்ணப்பங்கள் கோப்பன்ஹேகனில் அசையாமல் கிடந்தன. வேண்டுமென்றே அவற்றை நிறுத்தி வைத்தது மேலிடம் என்பதும், அதனால் ஒரு அரசாங்கமே வீட்டுக்குப் போகும் என்பதும் அப்போது எங்களுக்குத் தெரியாது. காரணம் தெரியாதவன் காரணத்தைத் தன்னிடம் தேடுவான். அங்கே கிடைக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்காரனிடம் தேடுவான். சைக்கிளில் லைற் இல்லாமல் போய்ப் பொலிசிடம் பிடிபட்டவர் அதனால்தான் மனைவி வரவில்லை என்று நம்பினார். இன்னாரைப் பற்றி இன்னார் போட்டுக் கொடுத்ததாகக் கதை. சனிக்கிழமைகளில் இக்காஸ்ட் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் தேத்தண்ணி குடிக்கும்போதுகூட ஒருவர் கோப்பையை மற்றவர் ஓரக்கண்ணால் பார்த்தார்.

அப்படியொரு சனிக்கிழமை, ஒரு வாகனத்தின் பின்னால் இழுவண்டியில் ஏற்றி, தாசன் அந்தக் காரைப் பள்ளிக்கூட வாசலில் கொண்டுவந்து இறக்கினான்.

தாசன் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கன். இக்காஸ்ட் துணித் தொழிற்சாலையில் சாயம் போடுகிற பகுதியில் வேலை. நகத்தைப் பார்த்தால் அன்றைக்கு என்ன நிறம் ஓடியது என்று தெரியும். வாய் திறக்காத பிள்ளை. மனைவி ரெஜினாவும் சின்ன மகளும் மன்னாரில் இருந்தார்கள். அவன் விண்ணப்பமும் எல்லோருடையதையும் போல் கிடந்தது. அப்படிப்பட்டவன் வாங்கிவந்த காரைப் பார்த்து எங்களுக்கு வாய் அடைத்துப்போனது. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய அமெரிக்கக் கார். கூரையை வெட்டிப் பதித்திருந்தது. மட்காட் நாலும் இல்லை. பொனட் இல்லாமல் பெரிய எஞ்சின் நெஞ்சைத் திறந்து காட்டிக்கொண்டு இருந்தது. இரத்தச் சிவப்புப் பெயின்ற். ‘ஹொட் ரொட்’ என்பார்கள். பழைய காரை வெட்டிக் கொத்தி வேகத்துக்கென்று கட்டுகிற பைத்தியம் அது.

ரட்ணம் அண்ணை, எங்கள் பள்ளிக்கூடத்தின் தேத்தண்ணிப் பொறுப்பாளர், வாய்ப் பொறுப்பாளரும் அவரே, காரைச் சுற்றிவந்து கேட்டார்:

“என்னடாப்பா தாசன், உதுக்குக் கதவில கைப்பிடியைக் காணேல்லை?”

“உள்ளுக்கு இருக்கண்ணை. யன்னலுக்குள்ளால கையை விட்டுத் திறக்க வேணும்.”

“வீட்டுக்காரன் உள்ளுக்கு இருந்து திறப்பான். வெளியால கையை விட்டுத் திறக்கிறது ஆரெண்டு உனக்குத் தெரியுந்தானே?”

எல்லோரும் சிரித்தார்கள். தாசனும் சிரித்தான். அடுத்த கிழமைக்குள் ‘தாசன்ர களவுக் கார்’ என்று அதற்குப் பெயர் விழுந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

தாசன் என் வீட்டுக்கு வந்தான். கதிரையின் நுனியில் இருந்தான்.

“யோகண்ணை, உது உண்மையிலயே களவுக் காரெண்டா என்ன செய்வினம்?”

“காரை எடுப்பினம். உன்னைக் கூப்பிட்டு விசாரிப்பினம்.”

“அப்ப ரெஜினான்ர பைல்?”

நான் தேத்தண்ணிக் கோப்பையை அவன் பக்கம் தள்ளினேன்.

“பொலிசில என்ர பேர் விழுந்தா அவள் வராள் அண்ணை. பிள்ளைக்கு என்ர முகம் ஏற்கெனவே மறந்துபோச்சாம்.”

“ஏன்ராப்பா வாங்கினனி?”

“காத்திருக்கேக்க கைக்கு ஒரு வேலை வேணும்போல கிடந்துது.”

ஆரிடம் வாங்கினாய், பத்திரம் எங்கே என்றேன். எடுத்துக் காட்டினான். கிம் என்று ஒருவனின் கையெழுத்து இருந்தது. வாங்கியவரின் இடம் வெறுமையாக இருந்தது. எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தன. எங்கள் நாட்டில் இதற்கு ‘ஓப்பின் பேப்பர்’ என்று பெயர். விற்றவர் கையெழுத்து வைப்பார், வாங்கியவர் பெயர் எழுதாமல் ஓடுவார், அடுத்தவருக்கு அப்படியே கைமாற்றுவார். யாழ்ப்பாணத்தில் எத்தனையோ கார்கள் செத்தவர்களின் பெயரில் ஓடின. அங்கே அதை ஒருவரும் கள்ளம் என்று சொல்வதில்லை. இங்கேயோ நாய்க்குட்டிக்கும் பெயர் பதிய வேண்டும்.

கிம் இருந்த வாடகை அறை பூட்டிக் கிடந்தது. பொடியன் நோர்வேக்குப் போய்விட்டான், எங்கே என்று தெரியாது என்றார் வீட்டுக்காரர். விலை மலிவு. விற்றவன் மாயம். இலக்கத் தகடு இல்லை. கதவுக்குக் கைப்பிடி இல்லை. எனக்கு எல்லாப் பக்கமும் ஆந்தை அலறியது. உண்மையைச் சொன்னால், அமசடக்காக இருக்கும் தாசன் மேலேயே ஒரு கணம் எனக்குச் சந்தேகம் வந்தது. அந்த வருடங்கள் எங்களை அப்படிப் பழக்கி வைத்திருந்தன.

காரை எங்கள் கராஜுக்குக் கொண்டுவரச் சொன்னேன். ஐனர் பொக்கெற்றுக்குள் கையைப் போட்டுக்கொண்டு சுற்றினார். நின்றார். திரும்பவும் சுற்றினார். அவர் இரண்டு தரம் சுற்றி நான் பார்த்தது அந்த ஒரு காருக்குத்தான்.

“செசி இலக்கத்தைத் தேடு” என்றார்.

அந்தக் கால அமெரிக்கக் கார்களில் இலக்கம், காரின் முதுகெலும்பான செசியில் இடப்பக்கச் சட்டத்தின் மேல்முகத்தில் வெட்டியிருக்கும். உடம்பு அதன் மேல் உட்கார்ந்திருப்பதால் சும்மா குனிந்தால் தெரியாது. போல்ற்றுகளைக் கழற்றி, உடம்பை ஒரு பக்கம் நெம்பி உயர்த்தி, விளக்கைப் பிடித்தேன். இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு இரும்புத் தகடு. சுற்றிவர வெல்டிங்.

தாசன் என் முகத்தைப் பார்த்தான். நான் ஐனரின் முகத்தைப் பார்த்தேன். அதில் வாசிக்க ஒன்றுமில்லை.

“இலக்கத்தை மூடின கார் என்ர கராஜில நிக்காது. நான் பொலிசுக்குப் போன் எடுக்கப் போறன்” என்றார் ஐனர்.

“மெஸ்டர், தகட்டை வெட்டிப் பாப்பம்.”

“வெட்டி, கீழ இலக்கம் அராவிக் கிடந்தா? கிரைண்டர் ஆற்ற கையில இருக்கும்? உன்ர கையில.”

அவர் சொன்னது சரி. வெட்டினாலும் குற்றம், வெட்டாவிட்டாலும் குற்றம். தாசன் சுவரோடு சாய்ந்து நின்று, “சில்க்போர்க் குளம் ஆழமோ அண்ணை?” என்று கேட்டான். காருக்குக் கேட்டானா தனக்குக் கேட்டானா என்று எனக்கு விளங்கவில்லை. “விசர்க்கதை கதையாதை” என்று அதட்டினேன்.

எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. வெட்டத்தானே கூடாது, சுரண்டலாமே. சாண்ட் பேப்பரை எடுத்து, தகடும் சட்டமும் சேருகிற விளிம்பில் ஒரு சதக் காசளவு இடத்தைத் தண்ணீர் தொட்டு மெல்ல மெல்லத் தேய்த்தேன். பழைய காரின் பெயின்ற் வெங்காயம் மாதிரி. மேலே சிவப்பு. அதற்குக் கீழே சாம்பல். பிறகு ஒரு பச்சை. பச்சைக்குக் கீழே பழைய அழுக்கு நீலம். நாலும் தகட்டின் மேலும் இருந்தன, சட்டத்தின் மேலும் இருந்தன, ஒரு இடமும் விடாமல் தொடர்ச்சியாக. நீலத்துக்கும் கீழே ஒரு கறுப்பு. அந்தக் கறுப்பு மட்டும் தகட்டில் இல்லை, சட்டத்தில்தான் இருந்தது.

“மெஸ்டர், இஞ்ச வந்து பாருங்கோ. தகடு ஒட்டினது கறுப்புக்குப் பிறகு, நீலத்துக்கு முதல். கிம் களவெடுத்து மறைச்சிருந்தா தகடு சிவப்போடதான் வந்திருக்கும். இது கிம் பிறக்க முதல் ஒட்டின தகடு.”

அவர் படுத்தார். வெகுநேரம் எழும்பவில்லை. விளக்கைக் கேட்டார், வயர் பிரஷைக் கேட்டார். வெல்டிங்கின் ஓரத்தைத் துலக்கினார். நல்ல வெல்டிங், மீன் செதிள் அடுக்கினது மாதிரி இருக்கும். செதிள் எந்தப் பக்கம் சரிகிறதோ அதை வைத்துக் கை எங்கே இருந்து எங்கே போனது என்று சொல்லலாம்.

“செதிள் மறுவளமாக் கிடக்கு” என்றார். “இடக்கையன்.” எழுந்து முழங்காலைத் தட்டினார். “இந்தப் பக்கத்தில இடக்கை வெல்டிங்காரன் ஒருத்தன்தான் இருந்தவன். ஒலூஃப். இன்னும் சாகேல்லை எண்டுதான் நினைக்கிறன்.”

“அப்ப பொலிஸ்?” என்றான் தாசன், தன் அரைகுறை டெனிஷில்.

“போன் எங்க ஓடப்போகுது?” என்றார் ஐனர்.

காரை இழுவண்டியில் ஏற்றிக்கொண்டு மூவரும் சில்க்போர்க்கைத் தாண்டிப் போனோம். ஏரிக்கரையோடு ஒரு பழைய கொல்லுப்பட்டறை. ஒலூஃப் வெளியே வந்தார். உயரமான கிழவர், காது கொஞ்சம் மந்தம், கண் மந்தமில்லை. காரைப் பார்த்தார். பிறகு தாசனைப் பார்த்தார். ஐனருக்கு வணக்கமும் சொல்லவில்லை.

“இவனோ அந்தப் பேரில்லாத ஆள்?” என்றார்.

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிழவர் இடக்கையை நீட்டி, காரைத் திட்டுவது போலக் கதைத்தார். கிம் அவருடைய பேரன். அந்தக் கார் அவருடைய தங்கையின் கார். தங்கை இந்தப் பகுதிக்கு மருத்துவிச்சியாக இருந்தவர். யுத்த காலத்தில் பெற்றோல் கிடையாது. விறகை எரித்து அதில் வருகிற வாயுவில் கார் ஓட்டினார்கள். அந்த விறகு அடுப்பைக் காரின் இடப்பக்கத்தில் தொங்கவிட்டார்கள். பாரம் தாங்க வேண்டுமென்று செசியில் தகடு வைத்து ஒட்டியவர் இவர்தான்.

“இலக்கத்துக்கு மேலயோ ஒட்டுறது?” என்றார் ஐனர்.

“பிள்ளைப்பேறு நிக்குமோ இலக்கம் பாக்கும் மட்டும்? இந்த ஊரில அரைவாசிப் பேர் இந்தக் கார் வந்தபடியாத்தான் பிறந்தவை. பிறகு இது கொட்டிலுக்குள்ள கிடந்துது. பேரன் கழுத்தை வெட்டி இந்தக் கோலமாக்கினான். வித்தான். வித்துப்போட்டு வந்து சொன்னான், வாங்கினவன் கை குடுத்தான், காசு குடுத்தான், பேர் மட்டும் எழுத மாட்டானாம் எண்டு.” கிழவர் தாசனுக்குக் கிட்ட வந்தார். “பேர் எழுதாமல் கார் வாங்கிறவன் அதால என்ன செய்யப் போறான்? வங்கியைக் கொள்ளையடிக்கப் போறானோ? என்ர தங்கச்சியின்ர காரால? பொலிசுக்குச் சொல்லுவம் எண்டு நான் இஞ்ச நித்திரையில்லாமல் இருக்கிறன்!”

இதைத் தமிழில் சொன்னபோது தாசனுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை.

“என்னைப் பாத்தோ பயந்தவர்?”

“உன்னைப் பாத்துத்தான்.”

அவன் வாழ்க்கையில் அவனைப் பார்த்து ஒருவரும் பயந்திருக்க மாட்டார்கள். “எங்கட ஊரில உப்பிடித்தான் வாங்கிறது எண்டு சொல்லுங்கோ அண்ணை” என்றான். சொன்னேன்.

“அப்ப ஆற்ற கார் எண்டு எப்பிடித் தெரியும்?” என்று கேட்டார் கிழவர்.

“எல்லாருக்கும் தெரியும்” என்றான் தாசன்.

கிழவர் காரைத் திரும்பிப் பார்த்தார். “தங்கச்சியின்ர காரும் எல்லாருக்கும் தெரியுந்தான்” என்று சொல்லிக்கொண்டு பட்டறைக்குள் போனார். கிரைண்டரோடு திரும்பி வந்தார். “நான் வைச்சது. நான்தான் எடுப்பன். வேற ஒருத்தரும் கை வைக்காதேங்கோ.”

நாங்கள் காரின் உடம்பை மறுபடி நெம்பி உயர்த்திப் பிடித்தோம். பொறி பறந்தது. தகடு கழன்று விழுந்தது. கீழே, காற்றுப் படாத கறுப்புப் பெயின்றில், நேற்று வெட்டியது மாதிரி இலக்கம் முழுதாக இருந்தது. ஒரு எழுத்தும் அராவவில்லை. ஐனர் குனிந்து வாசித்தார். பிறகு அவருடைய கை பொக்கெற்றிலிருந்து வெளியே வந்து, அந்த இலக்கத்தின் மேல் ஒருதரம் தடவியது.

“பனிக்கட்டியில மாடு நிக்கேல்லை” என்றார். பயப்பட ஒன்றுமில்லை என்பதற்கு இவர்கள் சொல்வது. ஐனர் வாயால் அதை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

கிழவர் விடவில்லை. பத்திரத்தை எடு, என் கண் முன்னால் பெயரை எழுது என்று தாசனிடம் பேனையை நீட்டினார். அவன் வாங்கினான், பத்திரத்தில் வைத்தான், அப்படியே நின்றான்.

“எழுதன்ராப்பா” என்றேன்.

“அண்ணை, நான் ஊர் வழக்கத்துக்காக மட்டும் பேரை எழுதாமல் விடேல்லை. என்ர பேர் எங்கயாவது எழுதினா, அந்தப் பேரைப் பிடிச்சுக்கொண்டு பைலுக்குள்ள போவினமோ எண்டு பயம். பேர் இல்லாட்டிப் பிழையும் இல்லை எண்டு நினைச்சன்.”

நான் அதை ஐனருக்கு மொழிபெயர்த்தேன். அவர் பத்திரத்தின் அடியில் விரலை வைத்தார். “சாட்சி எண்டு கீழ என்ர பேரையும் போடுறன். பிடிக்கிறதெண்டா ரெண்டு பேரையும் பிடிக்கட்டும்” என்றார்.

தாசன் எழுதினான். தன் முழுப் பெயரை, தகப்பன் பெயரோடு, சாயம் ஏறிய விரலால் மெல்ல மெல்ல எழுதினான்.

இங்கே காரை அரசாங்கப் பரிசோதனைக்குக் கொண்டுபோவதை ‘சூன்’ என்பார்கள். முதல் சூனில் லைற் உயரம் சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். சந்தோசமாகத் திரும்பி வந்தோம். லைற் உயரம் மாதிரி ஒரு குற்றத்தைக் கேட்க எவ்வளவு சுகமாக இருந்தது! அடுத்த சூனில் இலக்கத் தகடு கிடைத்தது. ரட்ணம் அண்ணை தகட்டைத் தட்டிப் பார்த்து, “பெயின்ற் காயேல்லைப் போல கிடக்கு” என்றார். அவருக்கு அதற்கு மேல் தோற்க முடியாது.

பிறகு மேலிடத்துச் சங்கதி பத்திரிகைகளில் வெடித்தது. கிடந்த விண்ணப்பங்கள் அசைந்தன. அவை கிடந்ததற்குச் சைக்கிள் லைற்றும் காரணமில்லை, காரும் காரணமில்லை, தாசனும் காரணமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அதைத் தெரிந்துகொண்ட பிறகும் நாங்கள் ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்க்கக் கொஞ்சக் காலம் எடுத்தது.

ரெஜினாவையும் மகளையும் கூட்டிவர தாசன் கோப்பன்ஹேகனுக்கு ரயிலில் போனான். நான் அவன் காரை இக்காஸ்ட் ஸ்ரேசன் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். மூவரும் இறங்கி வந்தார்கள். மகள் தாயின் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு தகப்பனைக் களவாகப் பார்த்தபடி வந்தாள். கார் முன்னால் வந்ததும் ரெஜினா நின்றாள்.

“ஆற்ற கார் இது?”

“என்ரதான்.”

அவள் குளிருக்குக் கோட்டுப் பொக்கெற்றுக்குள் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, தொடாமல், காரை ஒரு சுற்றுச் சுற்றினாள். எனக்கு ஐனரின் ஞாபகம் வந்தது. சுற்றி முடித்து தாசனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

“விசாவுக்கெண்டு கொழும்பில ஒருக்கால் இல்லை, பலதரம் கூப்பிட்டு விசாரிச்சவை. இவர் என்ர மனுசன் எண்டு நான் சொல்லச் சொல்ல ஒருத்தரும் நம்பேல்லை. இப்ப இது உங்கட கார் எண்டு நீங்கள் சொல்ல நான் மட்டும் நம்ப வேணுமோ?”

தாசன் பத்திரத்தை எடுக்கப் பொக்கெற்றுக்குள் கை விட்டான். “வேண்டாம், வையுங்கோ” என்றாள் அவள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பார்க்க நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

கதவைத் திறக்கக் கைப்பிடியைத் தேடினாள். மேலே தடவினாள், கீழே தடவினாள். தாசன் யன்னலுக்குள்ளால் கையை விட்டு, உள்ளே இருந்து கதவைத் திறந்துவிட்டான்.